ஒற்றைத் தோட்டக் கோப்பிக்கு ஒரு கிணற்றுத் தண்ணீர்

யாழ்ப்பாணத்தின் வரலாற்றை இனி இரண்டாகப் பிரித்துத்தான் எழுத வேண்டும்: கோப்பித்தூளில் மல்லி கலந்த காலம், கலக்காத காலம். இரண்டாவது காலம் சென்ற தைப்பூசத்தன்று காலை பத்து மணிக்கு, எங்கள் ‘ஒற்றைத் தோட்டக் கோப்பிக் கழகம்’ கடை திறந்தபோது பிறந்தது. நான் கழகத்தின் செயலாளர். மொழிபெயர்ப்பு நாவல்களில் மனிதர்கள் கோப்பிக் கடையில் அமர்ந்துதான் மனச்சாட்சியோடு போராடுகிறார்கள். நமக்கும் அப்படியொரு வசதி வேண்டும் என்றே சேர்ந்தேன்.

எங்களுடையது கண்ட கோப்பி அல்ல. அப்புத்தளைப் பக்கம் ஒரே மலையில், ஒரே தோட்டத்தில் பழுத்தது. தோலை உரித்து, கொட்டையை ஒன்றரை நாள் தொட்டியில் ஊறவிட்டு, வழுவழுப்புப் போகக் கழுவி, வலைத்தட்டில் காயவைத்தது. தலைவர் சோமசேகரம் மாஸ்டர், ஓய்வுபெற்ற அதிபர், இந்த விபரங்களை மகளுக்குச் சம்பந்தம் பேசுகிறவரின் அக்கறையோடு விசாரித்தார்.

“வேறை தோட்டத்துக் கொட்டை ஒண்டும் கலக்கேல்லைத்தானே? எழுத்திலை தரச்சொல்லுங்கோ.”

தோட்டத்தார் எழுத்தில் தந்தார்கள். கண்ணாடிச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டினோம்.

மாதம் ஒருமுறை ‘சுவை ஆய்வு’ நடக்கும். கரண்டியால் எடுத்துச் சத்தமாக உறிஞ்ச வேண்டும். சத்தமில்லாமல் குடித்தால் அது வெறும் தாகம்.

“முதலிலை எலுமிச்சை. பிறகு மல்லிகைப்பூ,” என்பார் மாஸ்டர்.

“கடைசியிலை கறுத்தக்கொழும்பான் மாம்பழம்,” என்பார் ரொறன்ரோவிலிருந்து திரும்பிய உபதலைவர் தனுஷிகா.

“நான் நினைச்சதைப் பிள்ளை சொல்லிப்போட்டா!”

பொருளாளர் சிவசுப்பிரமணியம் ஒருமுறை சீனி கேட்டார். கண்டனத் தீர்மானம் நிறைவேறியது.

இத்தனை சுவையையும் வடித்துத் தந்தவன் ஜெயரூபன். கொழும்பு ஹோட்டலில் நாலு வருடம் பழகியவன். தொண்ணூற்று மூன்று பாகை வெந்நீர். தூள் பொங்க முப்பது விநாடி பொறுமை. பிறகு நூல் போல வட்டமாக ஊற்றுவான். முதல் வாரம் எங்கள் கிணற்றுத் தண்ணீரில் கோப்பி சுண்ணாம்பாய்க் கரித்தது. போத்தல் தண்ணீரில் சப்பென்றிருந்தது. இரண்டாம் வாரம் அவன் மோட்டார் சைக்கிளில் ஒரு பிளாஸ்டிக் கானில் தண்ணீர் கட்டிக்கொண்டு வந்தான். அன்றுதான் மல்லிகை பூத்தது.

மூன்று மாதச் சோதனைத் தவணை முடிந்து, அவனை நிரந்தரமாக்கக் குழு கூடியது. டோகா ஹோட்டல் ஒன்றும் அவனை அழைத்திருந்தது. அன்று மாலை ஆறு மணிக்குள் பதில் சொல்ல வேண்டும். மனைவிக்கு ஏழு மாதம். இங்கேயே இருக்கத்தான் அவனுக்கு ஆசை.

மாஸ்டர் பாதிக் கோப்பையை உறிஞ்சிக் கண்ணை மூடினார்.

“அருமை! நிரந்தரமாக்குவம். அதுக்கு முதல் ஒரு சின்னத் தொழில்நுட்பக் கேள்வி. தம்பி, உந்தத் தண்ணி எங்கத்தையான்?”

“எங்கடை வீட்டுக் கிணத்துத் தண்ணி, சேர். நல்ல தண்ணி.”

“எவடம்?”

“நீர்வேலி.”

“நீர்வேலியிலை எவடம்?”

“வாழைத்தோட்டங்களுக்கு அங்காலை.”

“எந்தக் கோயிலடி?”

எங்கள் ஊரில் யாரும் யாருடைய சாதியையும் கேட்பதில்லை. அது அநாகரிகம். எந்தக் கோயிலடி என்று மட்டும் பக்தியோடு கேட்போம், பதில் வந்துவிடும்.

ஜெயரூபன் வெந்நீர்க் கேத்திலைக் கீழே வைத்தான். கோயிலின் பெயரைச் சொன்னான்.

மாஸ்டரின் கோப்பை ஓசையில்லாமல் மேசையில் இறங்கியது. முழுதும் குடித்துவிட்டிருந்த சிவசுப்பிரமணியம் கோப்பையின் அடியைப் பார்த்தபடி இருந்தார்.

“மாஸ்டர், மூண்டு மாசமாய் உந்தத் தண்ணியைத்தானே குடிச்சனீங்கள்?” என்றார் தனுஷிகா.

“அதுதான் பிள்ளை, மூண்டு மாசமாய் வயித்துக்குள்ளை ஒருமாதிரி.”

“இப்பதானே அருமை எண்டனீங்கள்!”

“நான் உதுகள் பாக்கிற ஆள் இல்லை. சனம் என்ன சொல்லும்? வேணுமெண்டால் உம்மடை அப்பா உந்தத் தண்ணி குடிப்பாரோ எண்டு ஒருக்காக் கேட்டுப் பாரும்.”

தனுஷிகா கைபேசியை எடுத்தார். பார்த்தார். கைப்பைக்குள் வைத்துவிட்டார்.

“சேர், தண்ணிதான் பிரச்சினை எண்டால் வேறை கிணத்திலை அள்ளிக்கொண்டு வாறன்,” என்றான் ஜெயரூபன்.

“சீச்சீ, தண்ணியிலை ஒரு பிழையும் இல்லைத் தம்பி.”

அன்றைய கூட்டத்தில் பேசப்பட்ட ஒரே உண்மை அதுதான்.

ஜெயரூபன் கோப்பைகளை ஒவ்வொன்றாய் எடுத்துக் கழுவத் தொடங்கினான். “உதுகளைக் கழுவிவைச்சிட்டுப் போறன், சேர். ஆறு மணிக்கு முதல் டோகாவுக்குப் பதில் சொல்ல வேணும்.”

மாஸ்டர் தீர்மானத்தைச் சொல்லச் சொல்ல எழுதினேன்: ‘கோப்பியின் தூய்மையைப் பேணும் பொருட்டு, திரு. ஜெயரூபன் அவர்களின் சேவை நன்றியுடன் நிறைவுசெய்யப்படுகிறது.’

“எதிர்க்கிற ஆக்கள் கையை உயர்த்துங்கோ,” என்றார்.

ஜெயரூபன் குழாயடியில் கடைசிக் கோப்பையை அலசினான். என் கையில் பேனை இருந்தது. ‘ஏகமனதாக’ என்று எழுதினேன்.