ஒளிரக் கூடாத குப்பி

இருட்டாக இருக்க வேண்டிய குப்பி பச்சையாக ஒளிர்ந்தது. காசிராஜன் ஊதா டார்ச்சை அணைத்துவிட்டு மறுபடி அடித்துப் பார்த்தார். மறுபடியும் ஒளிர்ந்தது.

போடியில் ஒரு கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கும் அவருக்கு, தானே உருவாக்கிய சாயம் பெற்ற பிள்ளை மாதிரி. அதன் மூலக்கூறுகள் தனித்தனியாகத் திரிந்தால் இருண்டு கிடக்கும். ரத்தத்தில் ஓடும் ஆல்புமின் என்ற புரதத்தைக் கண்டால் போதும், அதன்மேல் கூட்டமாக ஒட்டிக்கொண்டு பளிச்சென்று ஒளிரும். சிறுநீரகம் நன்றாக இருந்தால் ரத்தப் புரதம் சிறுநீரில் இறங்காது. ஆகவே சாயம் கலந்த நோயாளியின் சிறுநீர்க் குப்பி ஒளிர வேண்டும். நல்ல ஆளின் குப்பி ஒளிரக் கூடாது. வெள்ளிக்கிழமை இதைப் பரிசீலிக்கச் சென்னையிலிருந்து வரும் குழுவுக்குப் பிடித்துப்போனால், ஏலக்காய்த் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவர்களை மலையிலேயே சோதித்துவிடலாம்.

நோயாளிகளின் குப்பிகளைக் குரங்கணிப் பக்கத்து கிளினிக் நர்ஸ் வீரலட்சுமி கொடுத்திருந்தாள். நல்ல ஆளுக்கு எங்கே போவது? காசிராஜன் அதிகம் யோசிக்கவில்லை. சுகர் இல்லை, தொப்பை இல்லை, ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததில்லை என்று கல்யாண வீடுகளில் கேட்காதவர்களிடமும் சொல்பவர். தன்னையே தேர்ந்தெடுத்தார்.

அந்தக் குப்பிதான் ஒளிர்ந்தது.

சாயம் அதிகமாகித் தானாகவே திரண்டிருக்கும் என்று பாதியாகக் குறைத்தார். ஒளிர்ந்தது. குப்பிகளில் அழுக்கு என்று எல்லாவற்றையும் வெந்நீரில் போட்டுக் கழுவினார். ஒளிர்ந்தது. இருந்த சாயத்தையெல்லாம் கொட்டிவிட்டுப் புதிதாகத் தயாரித்தார். முன்னைவிட நன்றாக ஒளிர்ந்தது.

மிச்சச் சிறுநீரை வீட்டு ஃபிரிட்ஜில் வைத்தது அடுத்த தவறு.

"மாவுச் சட்டிக்குப் பக்கத்துல இது என்னங்க?" என்றாள் மனைவி சூர்யகலா.

"ஆராய்ச்சி."

"யாரோட ஆராய்ச்சி?"

"என்னோடதுதான்."

மாவு முழுக்கச் சாக்கடைக்குப் போனது. அந்த நேரம் பார்த்து, ஒப்பிட்டுப் பார்க்க உன்னுடையதும் கொஞ்சம் கிடைக்குமா என்று அவர் கேட்டுவைத்தார். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடும் கிடைக்கவில்லை.

"தெனமும் முட்டைப் புரோட்டாவத் தின்னுட்டு அலைஞ்சா சுத்தமாவா இருக்கும்?" என்று அவள் முணுமுணுத்தது மட்டும் மனதில் தைத்தது. உடம்பைக் கொஞ்சம் மெருகேற்றினால் போதும் என்று தோன்றியது. மறுநாள் விடிந்ததும் பஸ் பிடித்துக் குரங்கணிக்குப் போய், மலைப்பாதையில் வேகவேகமாக ஏறினார். பாதி வழியில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. ஏலக்காய் லோடு ஏற்றி வந்த ஜீப்பில், மூட்டைகளின் மேல் இன்னொரு மூட்டையாகப் படுத்து இறங்கினார்.

அன்றைய குப்பி திருவிழாச் சீரியல் லைட்டு மாதிரி ஒளிர்ந்தது. கடும் உடற்பயிற்சி செய்தால் புரதம் இன்னும் கூடுதலாக இறங்கும் என்று பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அந்தப் பக்கத்தை நடத்தியவரே அவர்தான். அன்றைக்குப் பார்த்து அது அவர் நினைவுக்கு வரவில்லை.

வெள்ளிக்கிழமை குழுவின் முன்னால் நின்று உண்மையைச் சொல்லிவிட்டார். நோயாளி, நல்லவன் என்ற பேதம் இந்தச் சாயத்துக்குக் கிடையாது; எதைக் கண்டாலும் ஒளிர்கிறது; இத்தனை வருடம் பாடுபட்டுத் தான் கண்டுபிடித்தது இன்னொரு டார்ச் லைட்டைத்தான் என்றார். குழுத் தலைவர் சிரித்துவிட்டு, பரவாயில்லை என்று டீயை அவர் பக்கம் நகர்த்தினார். காசிராஜன் நாற்காலியில் உட்கார்ந்தார். டீயைத் தொடவில்லை.

அப்போதுதான் வீரலட்சுமி மூச்சு வாங்க உள்ளே வந்தாள். ஒவ்வொரு குப்பியிலும் ஒரு பங்கைக் கிளினிக்கிலும் சோதித்து, அவருடைய முடிவுகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பதாக ஏற்பாடு.

"சார், எங்க சோதனையும் உங்க சாயமும் ஒண்ணுபோலச் சொல்லுது. ஒரு குப்பிகூட மாறல."

குழுத் தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். காசிராஜன் சந்தோஷத்தில் எழுந்து நின்றுவிட்டார். இத்தனை நாளும் சாயத்தின் மேல் ஒரு குறையும் இல்லை. அதைப் போய்த் திட்டித் தீர்த்தோமே என்றுகூட இருந்தது.

வீரலட்சுமி அவரைப் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டாள்.

"இப்பவே பாத்தா மாத்திரையிலயே சரி பண்ணிரலாமாம், ஆனா வெரசா டாக்டர்ட்ட கூட்டிட்டு வரணும். நல்ல ஆளுன்னு ஒரு குப்பி குடுத்தீகளே, அது யாரு சார்?"