கார் பூட்டுக்குள் கல்யாண சாட்சி

கரண்ட் அளக்கும் ஒரு மீட்டரை வாங்கிவிட்டால் போதும், மின்சார அறிவு தானாகவே கைக்கு வந்துவிடும் என்று நம்பியவன் நான். இதைச் சொல்ல இப்போது வெட்கமாகத்தான் இருக்கிறது. கிள்ளானில் ஓர் அலுவலகத்தில் சரக்குப் படிவங்களை நிரப்புவது என் வேலை. அதுவரை நான் கழற்றி மாட்டிய ஒரே மின்சாதனம் கொசு அடிக்கும் பேட். (கழற்றியது நான். மாட்டியது என் மனைவி.)

எங்கள் காருக்கு அப்போது பன்னிரண்டு வயது. மூன்று வாரமாக அதற்கு ஒரு வியாதி. காலையில் சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். புது பேட்டரி போட்டேன். நான்காம் நாள் அதுவும் படுத்துவிட்டது. பேட்டரி கடை அண்ணன் எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்தார்.

"பேட்டரி ஓகேலா பாஸ். சார்ஜும் நல்லா ஏறுது. வண்டி ஆஃப் பண்ண பிறகு எதுவோ கரண்ட்ட தின்னுக்கிட்டு இருக்கு. ஒருநாள் வண்டிய விட்டுட்டுப் போங்க, பாக்குறேன்."

விட்டுவிட்டு வந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை. "நானே பாத்துக்கிறேண்ணே" என்று சொல்லிவிட்டு, வரும் வழியிலேயே மஞ்சள் நிற மீட்டர் ஒன்றை வாங்கினேன். முதல் நாள் ரேடியோதான் திருடன் என்று முடிவுசெய்து அதைக் கழற்றினேன். மறுநாள் பின்சீட்டுக்கு மேலிருந்த இரண்டு ஸ்பீக்கர்களையும் கழற்றினேன். பேட்டரி மறுபடியும் படுத்தது. காரில் பாட்டும் போனதுதான் மிச்சம்.

அந்த நேரத்தில்தான் கொழுந்தியாள் சாந்தியின் திருமணப் பதிவு வந்தது. பிரிக்ஃபீல்ட்ஸில், காலை பதினொரு மணிக்கு. மாமனாரும் மாமியாரும் காப்பாரிலிருந்து நேராக அங்கே வந்துவிடுவார்கள். சாந்தி முதல் நாளே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். பெண் வீட்டுச் சாட்சியாகக் கையெழுத்துப் போட வேண்டியவன் நான். மணப்பெண்ணை என் காரில்தான் அழைத்துப்போவேன் என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லியும் வைத்திருந்தேன்.

அன்று காலை ஏழு மணிக்கு, 'டிக்'.

பக்கத்து வீட்டு அங்கிள் தன் காரிலிருந்து வயர் கொடுத்துக் கிளப்பிவிட்டார். "ஏங்க, பேசாம வாடகைக் கார் கூப்பிடலாம்" என்றாள் என் மனைவி கவிதா. நான் கேட்கவில்லை. ஒரு மணி நேரம் ஓடவிட்டு பேட்டரியைத் தேற்றினேன். அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் முந்தின நாள் ஒரு வீடியோ பார்த்திருந்தேன். அதில் ஒருவர் பேட்டரி வயருக்கு நடுவில் மீட்டரை இணைத்துவிட்டு, ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். எதைப் பிடுங்கும்போது மீட்டரில் எண் இறங்குகிறதோ, அந்தப் பக்கம்தான் திருடன். கிளம்புவதற்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. கல்யாணத்துக்கு வாங்கிய பட்டுச் சட்டையோடு களத்தில் இறங்கினேன்.

ஒன்பதாவது ஃபியூஸைப் பிடுங்கினேன். எண் பொத்தென்று விழுந்தது!

எனக்குப் புல்லரித்துவிட்டது. அது காரின் உள்விளக்குகளுக்கான ஃபியூஸ். மேலே இருந்த விளக்கு அணைந்துதான் இருந்தது. அப்படியானால் மிச்சம் ஒன்றே ஒன்று. காரின் பின்னால் சாமான் வைக்கும் பெட்டியில், அதாவது 'பூட்'டில், இருக்கும் குட்டி விளக்கு. மூடியை மூடினால் அது அணைய வேண்டும். அணைகிறதா இல்லையா என்று மூடிய பிறகு எப்படிப் பார்ப்பது?

புத்தியுள்ளவர்களுக்கு இங்கே பல வழிகள் தோன்றும். எனக்கு ஒன்றுதான் தோன்றியது. எல்லாவற்றையும் திரும்ப மாட்டிவிட்டு உள்ளே ஏறிப் படுத்தேன்.

"கவிதா, மூடு. நான் சொன்னதும் டிரைவர் சீட்டுப் பக்கத்துல இருக்கிற லீவர இழு. திறந்துக்கும்."

"பைத்தியமா உங்களுக்கு?"

"ஒரே நிமிஷம்லா!"

மூடினாள். என் மூக்குக்கு நேரே, கொஞ்சமும் கூச்சமில்லாமல், அந்த விளக்கு ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது! மூன்று வாரத் திருடன் கையும் களவுமாக அகப்பட்டுவிட்டான்! சந்தோஷத்தில் கையையும் காலையும் தகரத்தில் இடித்துக்கொண்டு கத்தினேன்: "எரியுது! எரியுது! கவிதா, உள்ள எரியுது!"

வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம்.

வேலிக்கு அந்தப் பக்கம் அங்கிளின் மனைவி செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். "ஐயோ, காரு எரியுதாம்! உள்ள ஆள் இருக்கு!" என்று ஓர் அலறல். அடுத்த நொடி குழாய்த் தண்ணீர் முழுவதும் பூட் மூடியின் மேல் பாய்ந்தது. மூடியின் ரப்பர் எப்போதோ இற்றுப்போயிருந்தது. என் பட்டுச் சட்டை முதலில் நனைந்தது.

"ஆன்டி, வேணாம்! விளக்கு எரியுது! விளக்கு!"

"விளக்குலேருந்துதான் பத்திக்கிச்சாம்!" என்று வெளியே விளக்கம் கொடுத்தார் ஆன்டி. "ஏங்க, பைப்ப இன்னும் பெருசா திறங்க!"

பதறிப்போன கவிதா லீவரைப் பலம்கொண்ட மட்டும் இழுத்திருக்கிறாள். பிறகு அழுகை கலந்த ஒரு குரல் கேட்டது. "ஏங்க, லீவர் என் கையோட வந்துருச்சுங்க."

மாற்றுச் சாவி பத்திரமாகக் காப்பாரில், மாமனார் வீட்டில். என் கைப்பேசி முன்னால், இன்ஜின் மேல். வெளியே மாநாடு நடந்தது. அங்கிள் சுத்தியல் எடுத்துவரப் போனார். ஆன்டி தீயணைப்பு வண்டியைக் கூப்பிட வேண்டும் என்றார். எனக்கு மூச்சு முட்டியது. கல்யாணமே என்னால் நின்றுபோகப்போகிறது என்ற நினைப்பில் கண்ணும் கலங்கியது. (குழாய்த் தண்ணீர் என்றுதான் பிறகு சொன்னேன்.)

அப்போது சாந்தியின் குரல் காருக்குள்ளிருந்து, என் தலைக்கு மேலே, நிதானமாகக் கேட்டது.

"மாமா, கார் சாவி எங்க இருக்கு?"

"என் பாக்கெட்லதாம்மா."

"இந்த ஸ்பீக்கர் கழட்டின ஓட்டை வழியா நீட்டுங்க."

நீட்டினேன். அவள் பின்னால் வந்து பூட் மூடியில் சாவியைத் திருப்பினாள், திறந்தது. கையில் சுத்தியலுடன் நின்ற அங்கிளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

பல்பைப் பிடுங்கி எறிந்தேன். கார் ஒரே திருப்பில் கிளம்பியது. அங்கிளின் பூப்போட்ட பாத்தேக் சட்டையைப் போட்டுக்கொண்டு ஃபெடரல் ஹைவேயில் பறந்தேன். அங்கிள் என்னைப்போல் இரண்டு மடங்கு. தோள் தையல் என் முழங்கையில் கிடந்தது. பதினொன்றுக்கு நான்கு நிமிடம் இருக்கையில் போய்ச் சேர்ந்து, சட்டைக் கையை மடித்துவிட்டு, சாட்சிக் கையெழுத்துப் போட்டேன்.

கதையை முழுதாகக் கேட்ட மாப்பிள்ளை சுரேஷ் மிக மரியாதையாக ஒரு கேள்வி கேட்டார். "அண்ணே, போன்ல வீடியோவ ஆன் பண்ணி உள்ள வச்சு மூடியிருந்தா போதாதா?"

நான் அவிழ்ந்துபோன சட்டைக் கையை மறுபடியும் மடித்துவிட்டுக்கொண்டேன். அந்த பேட்டரி அதன்பின் ஒருநாள்கூடப் படுத்ததில்லை. அதைப் பற்றி எங்கள் குடும்பத்தில் யாரும் பேசுவதும் இல்லை.

சுரேஷ் எங்கள் வீட்டுக்கு வந்தால், வாசலில் நிற்கும் காரின் பூட் மூடியை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் உள்ளே நுழைவார். அதைப் பார்த்து வளர்ந்த அவர்கள் மகளுக்கு இப்போது நாலு வயது. காரைக் கண்டால் அப்படித் தட்டுவதுதான் முறை என்று நினைத்துவிட்டாள். போன மாதம் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு கார் நிறுத்துமிடத்தில், யாரோ ஒருவருடைய புத்தம்புதுக் காரின் பூட் மூடியைத் தட்டிக்கொண்டிருந்தாளாம்.

"என்னம்மா பண்ற?" என்று கேட்டிருக்கிறார் கார்க்காரர்.

"இருங்க அங்கிள், பெரியப்பா உள்ள இருக்காரான்னு பாக்குறேன்."