வாசலில்லாத குசினி

மண் வந்துவிட்டது; மேசன் வரவில்லை.

டிராக்டர்காரன் ஒழுங்கையின் நடுவிலேயே மண்ணைக் கொட்டிவிட்டு, "உள்ளுக்க அள்ளிப் போடுறது உங்கட ஆக்கள்ட வேலை ராத்தா" என்று சொல்லிப் போய்விட்டான். கைறுன்னிஸாவின் ஆட்கள் என்று சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிளை வெளியே எடுக்க வழியில்லாமல், மையத்து வீட்டு வாசலில் நிற்பவர்போல முகத்தை வைத்துக்கொண்டு நின்றார்.

அவள் மேசன் நல்லரத்தினத்துக்குப் போன் எடுத்தாள்.

"பாஸ், மண் வந்து கிடக்கு. நீங்க எங்க?"

"வாறன் தங்கச்சி. வழியிலதான் நிக்கிறன்."

"கொங்கிறீட் குழைக்கிற மிசின் சத்தம் கேக்குதே?"

"ஓம், வழியில ஒரு மிசின் ஓடுது."

அவருடைய ஊரான வந்தாறுமூலையிலிருந்து இந்த ஏறாவூருக்குச் சைக்கிளில் வரவே அரை மணித்தியாலம் ஆகாது. நல்லரத்தினம் அன்று முழுக்க வழியிலேயே நின்றார். பின்னேரம் மழை வந்தது. மண்ணில் பாதி ஒழுங்கையோடு ஓடி, வடிகானில் இறங்கி, வாவிக்குப் போய்ச் சேர்ந்தது. காசு கொடுத்து ஆற்று மண் வாங்கி வாவியை நிரப்பிய முதல் பெண்பிள்ளை தானாகத்தான் இருக்கும் என்று கைறுன்னிஸா நினைத்தாள். சிரிப்பு வரவில்லை.

ரியாத்தில் அவள் வேலை செய்த வீடு ஒரு பள்ளிக்கூடம் போலப் பெரியது. சமையல்காரி, சாரதி, தோட்டக்காரன் எல்லாரையும் கட்டி மேய்த்தது அவள்தான். வீட்டுக்கார மதாம் சாவிக்கொத்தையே அவளிடம் கொடுத்து வைத்திருந்தாள். அப்படிப்பட்டவளுக்கு ஒரு மேசனையும் கையாள் ஒருவரையும் மேய்க்கத் தெரியவில்லை.

புருஷன் பொலன்னறுவைப் பக்கம் வேறு குடும்பம் ஆகிப் போனபிறகு அவள் விமானம் ஏறினாள். அப்போது மகள் சஹ்லாவுக்குப் பால்பல் விழத் தொடங்கவில்லை. மூத்த சகோதரி அஸ்மியாதான் பிள்ளையை வளர்த்தாள். இப்போது சஹ்லா உயர்தரப் பரீட்சை எழுதி, கணக்கில் ஏ எடுத்து, பல்கலைக்கழக அனுமதி வரும்வரை வீட்டில் இருக்கிறாள். உம்மாவோடு அதிகம் பேசமாட்டாள். கேட்டால் பதில் சொல்வாள். கேட்காவிட்டால் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

மதாம் கொடுத்த லீவு நோன்புக்கு முன்னர் முடிகிறது. அதற்குள் இரண்டு அறை, ஒரு ஹோல், சமைக்க ஒரு குசினி. வீட்டை முடித்து சஹ்லாவையும் அஸ்மியாவையும் அதில் இருத்திவிட்டு, பிள்ளையின் கலியாணத்துக்காக இன்னும் இரண்டே வருஷம் போய் உழைத்துவிட்டு வந்தால் எல்லாம் சரி. இதுதான் கணக்கு. அத்திவாரம் வெட்டிய முதல் நாளே நல்லரத்தினத்திடம் அதைச் சொல்லியிருந்தாள்.

"கெதியா முடிச்சுத் தாங்க பாஸ். வீடு முடிஞ்ச மறுநாள் நான் பிளைட் ஏறோணும்."

"அதுக்கென்ன தங்கச்சி. கண்ண மூடி முழிக்கிறதுக்குள்ள எழும்பிரும்" என்றார் அவர்.

அதன்பிறகு அவர் கண்ணை மூடியதை அவள் பலமுறை பார்த்தாள். எழும்பியதைத்தான் காணவில்லை.

மண் கரைந்து நாலாம் நாள் நல்லரத்தினம் வந்தார். மாமியார் மௌத்தாகிவிட்டாராம். போன மாதமும் அவருக்கு ஒரு மாமியார் இறந்திருந்தார்.

"எத்தின மாமி பாஸ் உங்களுக்கு?"

"பெரிய குடும்பம் தங்கச்சி" என்றார் துக்கத்தோடு.

சீமெந்துக் கடைக்காரர் கைறுன்னிஸாவுக்கு ஒரு வழி சொன்னார். "பகல் சோறு குடு. மேசன்மார் சோத்துக்கு வருவானுகள்."

கொடுத்தாள். ஒரு நாள் மீன் ஆணமும் சுண்டலும், இன்னொரு நாள் இறால் போட்ட முருங்கைக்காய், வெள்ளிக்கிழமை புரியாணி. கடைக்காரர் சொன்னது மெய்தான். நல்லரத்தினம் ஒரு நாளும் தவறவில்லை. மாமியார்கள் சாவதும் நின்றுபோனது. ஆனால் சாப்பாட்டுக்கு முன்னால் பசியில் கை ஓடவில்லை. சாப்பிட்ட பிறகு பாரத்தில் உடம்பு ஓடவில்லை. வேப்பமரத்து நிழலில் சாரனை இழுத்துவிட்டுக்கொண்டு படுத்தால் பின்னேரம் அசருக்குப் பாங்கு சொல்லும்போதுதான் எழும்புவார். எழும்பியதும் சஹ்லா தேத்தண்ணி கொண்டுவருவாள். குடித்து முடிக்கப் பொழுதுபடும். சுவர் நாளுக்கு ஒரு வரி உயர்ந்தது.

கையாள் மீராசாஹிப் மட்டும் படுப்பதில்லை. ஒல்லியான, வயதான மனிதர். சுவர் ஓரம் குந்தியிருந்து, குழைத்த சீமெந்து இறுகுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். பேசவேமாட்டார். கொஞ்சம் காது மந்தம் என்று கைறுன்னிஸா எண்ணியிருந்தாள்.

நாட்கூலி கொடுத்தால் நாட்கள்தான் நீளும், வேலை நீளாது என்று அவளுக்கு விளங்கியது. நல்லரத்தினத்தைக் கூப்பிட்டுக் கொந்தராத்துப் பேசினாள். சுவரெல்லாம் முடிக்க இவ்வளவு. ஒரு நாளில் முடித்தாலும் அதே காசு, ஒரு வருஷத்தில் முடித்தாலும் அதே காசு.

மேசனுக்கு இறக்கை முளைத்தது. அறைச் சுவர்கள் பார்த்திருக்க எழும்பின. கைறுன்னிஸாவுக்கு நம்பிக்கை வந்து, விமான டிக்கட் விஷயமாக மட்டக்களப்பு டவுனுக்குப் போனாள். போகும்போது பிளானைச் சஹ்லாவின் கையில் கொடுத்தாள்.

"மகள், மேசன் என்ன கேட்டாலும் இதைப் பாத்துச் செல்லுங்க."

"ஓம் உம்மா."

பின்னேரம் திரும்பி வந்தபோது குசினி எழும்பி நின்றது. நாலு பக்கமும் நேர்த்தியான சுவர். அவள் ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"பாஸ், வாசல் எங்க?"

"எந்த வாசல்?"

"குசினிக்குள்ள போற வாசல்."

நல்லரத்தினமும் ஒரு சுற்றுச் சுற்றினார். நம்பாமல் எதிர்ப்பக்கமாகவும் சுற்றி வந்தார். "ஓம்" என்றார் கடைசியில். "இல்லதான்."

சுவருக்கு உள்ளேயிருந்து யாரோ இருமினார்கள்.

"ஆர் உள்ளுக்க?"

"மீராசாஹிப் காக்கா. உள்பக்கம் கல் எடுத்துத் தந்தவர். ஏணி வெச்சா வந்திருவார். கூரை போடல்லத்தானே தங்கச்சி, ஒண்டுக்கும் யோசிக்காதங்க."

ஏணி வைத்து மீராசாஹிப்பை வெளியே எடுத்தார்கள். அவர் சாரனைத் தட்டிவிட்டுக்கொண்டு போய்க் கை கழுவினார்.

"நான் பிளானத் தலைகீழாப் பிடிச்சிட்டன் உம்மா" என்றாள் சஹ்லா.

தலைகீழாகப் பிடித்தாலும் ஒரு குசினிக்கு எங்கேயாவது வாசல் இருக்கத்தானே வேண்டும் என்று யோசிக்கிற நிதானம் அப்போது கைறுன்னிஸாவுக்கு இல்லை. "ஆர்ட ஆரோ வீட்டுக் கக்கூசக் கழுவி உன்னப் படிப்பிச்சன். ஒரு படத்த நேராப் பிடிக்கத் தெரியல்ல" என்றாள். சஹ்லா தேத்தண்ணிக் கோப்பைகளை அடுக்கிக்கொண்டு போனாள். அந்த முகத்தில் கோபமும் இல்லை, வெட்கமும் இல்லை. இந்தப் பிள்ளைக்கு என்னையும் பிடிக்கவில்லை, நான் கட்டும் வீட்டையும் பிடிக்கவில்லை என்று நினைத்தபோது கைறுன்னிஸாவுக்கு அந்தச் சுவரிலேயே சாய்ந்து அழவேண்டும் போலிருந்தது. சுவர் இன்னும் காயாமல் பச்சையாக இருந்ததால் சாயவில்லை.

வாசலுக்கு இடித்தார்கள். இடித்த அதிர்ச்சியில் ஹோல் சுவர் வெடித்தது. வெடித்ததை உடைத்துக் கட்டினார்கள். பிளானில் இல்லாததற்கெல்லாம் கொந்தராத்தில் இடமில்லை என்று நல்லரத்தினம் வேறாகக் கூலி கேட்டார்.

இனிக் கூலியை மிச்சம் பிடிக்காவிட்டால் கூரை இல்லை. கைறுன்னிஸா சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு தானே கல் சுமக்க இறங்கினாள். மூன்றாம் நாள் சீமெந்துப் பை ஒன்றைத் தூக்கியவள் நிமிரவில்லை. முதுகில் எண்ணெய் பூசி, பக்கத்து வளவில் இருந்த அஸ்மியாவின் வீட்டில் பாயில் கிடத்தினார்கள். வைத்தியர் அசையக்கூடாது என்றார்.

"நான் பாக்கிறன் உம்மா" என்றாள் சஹ்லா. "நீங்க படுங்க."

அந்த நாட்களில் பிள்ளை அவளுக்கு ஒத்தடம் கொடுத்தாள், கஞ்சி ஊட்டினாள், தலை வாரிவிட்டாள். ராவில் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுத்தாள். முதுகு வலித்தாலும் கைறுன்னிஸாவுக்கு மனதில் ஒரு குளிர்ச்சி இருந்தது. வேலிக்கு அப்பாலிருந்து காலையிலும் பின்னேரமும் டொக்கு டொக்கென்று சத்தம் கேட்டது. மகள் கெட்டிக்காரி, ஆட்களைச் சும்மா இருக்கவிடுவதில்லை என்று எண்ணிக்கொண்டாள்.

எழும்பி நடக்க முடிந்த அன்று, தடியை ஊன்றிக்கொண்டு போய்ப் பார்த்தாள். ஹோலின் ஒரு சுவர் பாதிக்குப் பூசியிருந்தது. மற்றச் சுவர்கள் அப்படியே கிடந்தன. நிலமெல்லாம் உடைந்த சாந்து.

"இவ்வளவு நாளும் என்ன பாஸ் செஞ்ச?"

"பூசினம் தங்கச்சி."

"எங்க பூச்சு?"

"கொத்திட்டம். உங்கட மகளுக்கு அது நேர்த்தியாத் தெரியல்ல. மறுகாப் பூசினம். அதுவும் பிடிக்கல்ல."

அவள் பாயில் கிடந்து சந்தோஷப்பட்ட சத்தமெல்லாம் பூசியதைக் கொத்திய சத்தம். பிள்ளைக்கே பிடிக்காத அளவுக்குப் பூசியிருக்கிறார் மேசன் என்று நினைத்தாள்.

சீமெந்துப் பைகள் அடுக்கியிருந்த மூலை வெறுமையாக இருந்தது. கூரைக்கென்று ஒதுக்கி வைத்த காசு, சுவரில் ஏறி, சுவரிலிருந்து விழுந்து, காலடியில் கிடந்தது.

அன்று பின்னேரமே மதாம் போன் எடுத்தாள். நோன்பு நெருங்குகிறது, எப்போது வருகிறாய் என்று கேட்டாள். கைறுன்னிஸா உள்ளதைச் சொன்னாள். மதாம் இரக்கமுள்ளவள், கூரைக்குக் காசு தானே முன்கூட்டித் தருகிறேன் என்றாள். அதற்கு ஒரே ஒரு நிபந்தனைதான். இரண்டு வருஷம் போதாது, நாலு வருஷம் நிற்கவேண்டும், இடையில் லீவு கேட்கக்கூடாது.

கைறுன்னிஸா வாசல் வெட்டிய குசினிக்குள் போய் நின்றாள். மேலே வானம் தெரிந்தது. ஒரு கொக்கு வாவிப் பக்கமாகப் பறந்து போனது. கூரையில்லாத வீட்டில் பிள்ளையை எப்படி விட்டுவிட்டுப் போவது என்று யோசித்தாள். போகாவிட்டால் கூரையே இல்லை. "சரி மதாம்" என்றாள்.

போனை வைத்ததும் வயிறெரிச்சல் முழுவதும் மேசன்மேல் திரும்பியது. வெளியே வந்து நல்லரத்தினத்தைக் கணக்குத் தீர்த்து அனுப்பினாள்.

"இனி இந்த வளவுக்குள்ள கால் வைக்காதங்க பாஸ். என்ட நாலு வருஷத்தத் தின்னுட்டீங்க."

நல்லரத்தினம் வாயைத் திறந்தார். பிறகு, அவளுக்குப் பின்னால் நின்ற சஹ்லாவைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். "சரி தங்கச்சி" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். இவ்வளவு வாய்க்காரன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் போனது கைறுன்னிஸாவுக்கு அதிசயமாக இருந்தது.

சஹ்லா விறுவிறுவென்று அஸ்மியாவின் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மீராசாஹிப் மட்டும் வாளியையும் கரண்டிகளையும் கழுவிக்கொண்டிருந்தார். அவருக்குக் காது கேட்காது என்ற தைரியத்தில் கைறுன்னிஸா உரக்கப் புலம்பினாள்.

"ரெண்டு வருஷத்துல வந்து என்ட புள்ளையோட இருக்கலாமெண்டு நினைச்சன் காக்கா. இப்ப நாலு வருஷத்துக்கு ஓமெண்டு செல்லிட்டன். எல்லாம் அந்த மேசன் செஞ்ச வேல."

மீராசாஹிப் வாளியைக் கவிழ்த்து வைத்தார். ஈரக் கையைச் சாரனில் துடைத்துக்கொண்டு, சாத்தியிருந்த கதவை ஒருமுறை பார்த்தார்.

"மேசன ஏசாதங்க மகள், அத்திவாரம் வெட்டின அண்டைக்கு முதல் தேத்தண்ணி கொண்டுவரக்குள்ளயே, 'வீடு முடிஞ்சா உம்மா திரும்பிப் போயிருவா, எப்பிடியாவது முடியாமப் பாத்துக்கங்க' எண்டு உங்கட புள்ளதான் எங்கட காலப் பிடிச்சிக் கேட்டிச்சு."