எண்பத்தேழு வளர்த்த திருடன்

திருடன் வந்துவிடக் கூடாதே என்று கடைக்குப் பூட்டுப் போடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். திருடன் வரவேண்டுமே என்று கடையைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தவர், எனக்குத் தெரிந்து இந்தப் பூலோகத்தில் எண்பத்தேழு என்கிற மனிதர் ஒருவர்தான். நம்பாதவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போய் ராசிபலன் படித்துக்கொள்ளலாம்.

அறுபதுகளின் கடைசியில் காஞ்சிபுரத்தில் ஒரு சர்க்கார் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தேன். காந்தி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் மாடி அறை எனக்கு. கீழே அவருடைய கடை. ரயில்வேயில் வரைபடம் போட்டு ரிட்டயரானவர். நிஜப் பெயர் தபால்காரருக்கு மட்டும் தெரியும். கடையில் இருந்ததெல்லாம் குட்டி ரயில்கள், குட்டி ஸ்டேஷன்கள், அவற்றைக் கட்டுவதற்கான பாகங்கள் அடங்கிய பெட்டிகள். நாடு திரும்பிய வெள்ளைக்கார அதிகாரிகள் விட்டுப்போனவை பாதி, மெட்ராசில் தேடிப் பொறுக்கியவை மீதி. எல்லாம் நிஜத்தில் எண்பத்தேழில் ஒரு பங்கு அளவு. உலகத்தையே அவர் அந்த அளவில்தான் பார்த்தார் என்பதால் ஊரும் அவரை அந்தப் பெயரிலேயே கூப்பிட்டது.

என்னை முதல்முதலில் பார்த்தபோது ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, "நீ முக்கால் அங்குலம்பா" என்றார். ராஜகோபுரம் அவருக்கு இரண்டடிக்குக் கொஞ்சம் மேல். ஓட்டலில் ஒருவர் இட்லி சின்னதாகிவிட்டது என்று சண்டை போட, இவர் சமாதானம் செய்யப் போய், "நம்ம கணக்குல அது கடுகுபா, அதுக்கா இவ்ளோ சத்தம்?" என்றார். சாப்பிட வந்தவரும் ஓட்டல்காரரும் சண்டையை விட்டுவிட்டு இவர்மேல் பாய்ந்தார்கள்.

பட்டு எடுக்க வருகிற ஊரில் குட்டி ரயில் எடுக்க யார் வருவார்கள்? எப்போதாவது கல்யாண வீட்டுக்காரர்கள் வழி தவறி நுழைவார்கள். அவர்களை உட்காரவைத்து ரயிலை ஓட்டிக் காட்டுவார். பெண்ணின் அப்பா மரியாதைக்கு இரண்டு சுற்று பார்த்துவிட்டு, "முகூர்த்தம் நெருங்குதுங்க" என்று எழுந்து ஓடுவார். மற்றபடி நாள் முழுக்க அவர் தனியாகத்தான் இருந்தார். மனைவி, மக்கள் கிடையாது. வாலாஜாபாத்தில் ஒரு தங்கை. "இந்த வயசுல பொம்மை வெச்சுக்கினு விளையாடறியேண்ணா" என்று அவள் ஒருநாள் கேட்டதிலிருந்து அங்கேயும் போக்குவரத்து இல்லை.

வாங்க ஆளில்லாத இந்தச் சாமான்களைத் திருட மட்டும் ஊரே அலைகிறது என்பது அவருடைய திடமான நம்பிக்கை. ஒவ்வொரு பொருளிலும் ஒரு பட்டு இழையைக் கட்டி, அதை உத்தரம் வழியாகக் கொண்டுபோய் ஒரு மணியில் முடிந்து வைத்திருந்தார். நாற்பது பொருள், நாற்பது மணி. பொருளைத் தூக்கினால் மணி அடிக்கும். அந்தச் சந்தில் இருந்த நெசவாளர்கள் எப்போதாவது எட்டிப்பார்த்தால் ரயிலைப் பார்க்கமாட்டார்கள். அண்ணாந்து இழையைத்தான் பார்ப்பார்கள்.

ஒரு வைகாசியில், கருட சேவைக்கு ஊர் கொள்ளாத கூட்டம் வருமே, நாலு பேராவது பார்க்கட்டும் என்று ஒரு சத்திரத்தில் தன் ரயில்களையெல்லாம் பரப்பிப் பொருட்காட்சி வைத்தார். நாற்பது இழை, நாற்பது மணி சகிதமாகத்தான். கூட்டத்தின் நெரிசலில் ஏழெட்டு இழை அறுந்து தொங்கியது. அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு நெசவாளர் தணிகாசலம் சகாக்களோடு உள்ளே வந்தார். காஞ்சிபுரத்து நெசவாளி பெற்ற பிள்ளை அழுவதைக்கூடப் பொறுப்பார், அறுந்த இழையைப் பார்த்துப் பொறுக்கமாட்டார். நாலு பேருமாகச் சேர்ந்து, எது எதனுடையது என்றெல்லாம் பார்க்காமல், கைக்கு அகப்பட்ட நுனிகளை முறுக்கிப் பிணைத்து, ஆடாமல் இருக்கட்டும் என்று எல்லா இழைகளையும் ஒன்றாகச் சேர்த்து, தறியில் பாவு மாதிரி விறைப்பாக இழுத்துக் கட்டிவிட்டார்கள்.

அதன் பிறகு யாரோ ஒரு அம்மாள் ஒரு சிக்னல் கம்பத்தைச் சும்மா தொட்டுப் பார்த்தார். நாற்பது மணியும் ஒன்றாக அடித்தன. "சாமி வந்துடுச்சு!" என்று யாரோ கத்த, மொத்தக் கூட்டமும் கன்னத்தில் போட்டுக்கொண்டே தெருவுக்கு ஓடியது. சாமி வர இன்னும் ஒருமணி நேரம் இருந்தது.

"இன்னா தணிகாசலம் பண்ணி வெச்சிருக்க?" என்று எண்பத்தேழு அலறினார்.

"இழை அறுந்துக்கினு தொங்குது சார். பார்த்துக்கினு சும்மா நிக்க முடியுமா? கை தானா போயிடுச்சு."

அந்தக் களேபரத்தில்தான் நிஜமாகவே ஒரு திருட்டு நடந்தது. வந்தவன், பளபளவென்று முழுசாக நின்ற எஞ்சின்களை விட்டுவிட்டு, மேஜைக்கு அடியில் இருந்த ஒரு பெட்டியைத் திறந்து, கட்டாத எஞ்சின் ஒன்றின் சக்கரங்களை மட்டும் எடுத்துப்போயிருந்தான். நாலு ஜோடி. பெட்டியை ஒழுங்காக மூடியும் வைத்திருந்தான். நான் போலீசுக்குப் போகலாம் என்றேன். எண்பத்தேழு என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

"சக்கரத்தோட எட்டு ஸ்க்ரூவையும் எடுத்துக்கினு போயிருக்கான்பா! விவரம் தெரிஞ்சவன். இந்த ஊர்ல ஒருத்தன் எஞ்சின் கட்டறான்பா!"

"அதனால போலீஸ் வேண்டாமா?"

"போலீஸ் வந்தா அவன் பயந்துக்குவான்!"

மறுநாளே மணிகளைக் கழற்றினார். சக்கரம் எடுத்தவனுக்கு அடுத்துத் தேவைப்படுவது இணைப்புத் தண்டு என்று கணக்குப் போட்டு, அதை வாசல் பலகையில் வைத்துவிட்டு, மத்தியானம் திரைக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொண்டார். பத்து நாளில் அது போயிற்று. அடுத்து பாய்லரை வைத்தார். கூடவே, 'இடப்பக்கம் பிசிறு இருக்கிறது, அரம் போட்டுத் தேய்க்கவும்' என்று ஒரு சீட்டு. பாய்லரும் போயிற்று, சீட்டும் போயிற்று. "சீட்டையும் எடுத்துக்கினு போயிட்டான்பா!" என்று அன்றைக்கு எனக்கு ஓட்டலில் நெய் தோசை வாங்கிக் கொடுத்தார்.

ஆளைப் பார்க்கவேண்டும் என்று தவித்தார். ஆனால் எட்டிப்பார்த்தால் ஓடிவிடுவானோ என்று திரையை விலக்கவில்லை. தபால்காரர் முதல், திருப்பருத்திக்குன்றத்திலிருந்து பயறு விற்க வருகிற ஜைனப் பெரியவர் வரைக்கும் எல்லாரையும் பிரியமாகச் சந்தேகித்தார். அந்தப் பெரியவரிடம், "பாய்லர் நல்லா வந்துதுங்களா?" என்று கேட்டே விட்டார். பெரியவர் அப்புறம் அந்தச் சந்துப் பக்கமே வரவில்லை.

அடுத்து, டிரைவர் நிற்கும் கூண்டை ஒரு சின்னப் பெட்டியில் போட்டு வைத்தார். அது போகவில்லை. ஒரு மாதம் ஆயிற்று, இரண்டு மாதம் ஆயிற்று. அவன் கையில் தூசி ஒட்டக்கூடாது என்று தினம் காலையில் அதைத் துடைத்து வைத்தார். ஓட்டலுக்குப் போகிற நேரத்தில் வந்துவிடப்போகிறான் என்று ஓட்டலுக்குப் போவதையும் நிறுத்தினார்.

"ஊரை விட்டே போயிட்டானாபா? உடம்பு கிடம்பு சரியில்லையா? இன்னான்னு போய் விசாரிக்கறது, சொல்லு."

அந்த வாரம், என் வாழ்க்கையில் முதல் தடவையாக, நான் திருடினேன். பெட்டியைத் திறந்து, கூண்டை எடுத்து வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு மாடிக்கு ஓடினேன். அரைமணியில் மாடிப்படி அதிர்ந்தது. அதுவரை என் அறைக்கு வந்தே இராதவர் மூச்சு வாங்க வந்து நின்று, "வந்துட்டான்பா! நல்லா இருக்கறான்!" என்றார்.

அப்புறம் வாராவாரம் திருட வேண்டியதாயிற்று. எனக்கோ ரயிலில் ஏறத் தெரியும், இறங்கத் தெரியும், அவ்வளவுதான். கைக்கு வந்ததை எடுத்தேன்.

"மூணு புகைபோக்கி எடுத்துக்கினு போயிருக்கான்பா!" என்றார் ஒருநாள். "எஞ்சின் கட்டறானா, செங்கல் சூளை போடறானா?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நான் அலமாரியில் கையை விட்டிருந்தபோது திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "அது சிக்னல்பா. எஞ்சின் சாமான் கீழ்த் தட்டுல இருக்குது பார்."

என் கை அப்படியே நின்றுவிட்டது. "எப்ப சார் தெரியும்?"

"மொத நாளே. அவன் எடுத்தா பெட்டியை மூடி வெப்பான். நீ தொறந்து போட்டுட்டு ஓடின."

"அப்ப ஏன் சார் ஒண்ணும் சொல்லலை?"

"சொன்னா நீ வரமாட்டியேபா."

அவர் திரையை விலக்கிக்கொண்டு வந்து, ஸ்டவ்வைப் பற்றவைத்தார். "இனிமே ஞாயித்துக்கெழமை பத்து மணிக்கு வந்து திருடு. காபி போட்டு வெக்கறேன்."

ஒன்றரை வருஷம் அப்படியே நடந்தது. பத்து மணிக்கு நான் இறங்கிப் போவேன். அவர் திரைக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார். நான் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு இருமுவேன். அவர் வெளியே வந்து, அலமாரியைப் பார்த்து, "ஐயோ, போச்சே!" என்று மார்பில் அடித்துக்கொள்வார். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரிப்போம். பிறகு காபி, பன்னிரண்டு மணி வரைக்கும் பேச்சு. முதல் திருடன் கடைசிவரை திரும்பி வரவில்லை. அவனைப்பற்றிக் கேட்பதை எண்பத்தேழு எப்போது நிறுத்தினார் என்று நான் கவனிக்கவில்லை.

எனக்குத் திருச்சிக்கு மாற்றல் வந்தது. நாணயஸ்தனாகப் போகவேண்டும் என்று ஒரு கிறுக்கு புத்தி. எடுத்திருந்த அத்தனையையும் துடைத்து, ஒரு ஷூ பெட்டியில் அடுக்கி, கிளம்புகிற அன்று காலை அவர் முன்னால் கொண்டுபோய் வைத்தேன்.

அவர் மூடியைத் திறந்து பார்த்தார்.

"எல்லாத்தையும் குடுத்துட்டியாபா?"

"ஒண்ணு விடாம இருக்கு சார்."

"சரிபா." மூடியைப் போட்டார். "பஸ்ஸுக்கு நேரமாச்சு, கெளம்பு."

சுத்தமான கையோடு போகிறோம் என்ற பெருமையில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். பஸ் வாலாஜாபாத்தைத் தாண்டும்போதுதான் 'எல்லாத்தையும் குடுத்துட்டியாபா' என்று அவர் கேட்டதன் அர்த்தம் உறைத்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமையும் பத்து மணி அடிக்கும். அவர் எழுந்து திரைக்குப் பின்னால் போய் நின்றாலும் நிற்பார். இருமுவதற்கு அங்கே யாரும் இல்லை. திருச்சியிலிருந்து இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. அந்த மனுஷரை எனக்கு அவ்வளவு பிடிக்கும், ஒருநாளும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. அன்றைக்காவது எதையாவது ஒன்றைத் திருடிக்கொண்டு வந்திருக்கலாம்.