மீசைக்காரருக்கு இரண்டு கோடு

"இந்தப் படத்துல இருக்கற மீசைக்காரர் யாருன்னு சொல்லுக்கா. உறவு போடாம டேபிள் ஆளை ஏத்துக்காது."

ஆபீசில் இருபது வருடமாக டேட்டாபேஸ் டேபிள், அதாவது தகவல் அட்டவணை, வடிவமைப்பவன் தம்பி. வீட்டிலும் அதே புத்திதான். அம்மாவின் பெட்டியிலிருந்த பழைய படங்களுக்காகக் கூடத்துச் சுவர் முழுக்கக் காகிதம் ஒட்டி, 'ஆட்கள்' என்று ஒரு கட்டம், 'படங்கள்' என்று ஒரு கட்டம், நடுவே 'உறவு' என்று ஒரு கட்டம் வரைந்திருந்தான்.

ஈரத்தில் ஒட்டிக் கிடந்த படங்களை ஸ்டூடியோவில் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். அக்காவும் தம்பியும் இப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறார்கள். அம்மா போய்விட்டாள், இவர்களும் மறந்துவிட்டால் அந்த முகங்களுக்குப் பெயர் சொல்ல நாதியில்லை. அந்தப் பயத்தில், தெரியாது என்று சொல்ல இருவருக்கும் வாய் வரவில்லை.

"சின்ன மாமாடா! என்னைத் தோள்ல தூக்கிட்டுப் போவாரே. அந்தத் தலை எண்ணெய் வாசம் இன்னும் மூக்குலயே நிக்குது." அக்காவுக்குக் கண் கலங்கியது.

"மாமா இல்லக்கா, சித்தப்பா. எனக்கு சைக்கிள் பழக்கினவர்."

ஓர் ஆளுக்கு ஓர் உறவு என்பது அவனே போட்ட விதி. அக்காவின் முகம் சுருங்கியதும் விதியைத் தளர்த்தினான். மீசைக்காரருக்கு, மாமாவுக்கு ஒன்று சித்தப்பாவுக்கு ஒன்று என, இரண்டு கோடு கிடைத்தது.

டீ கொண்டுவந்த தம்பியின் மனைவி சுவரைப் பார்த்தாள். "உங்கம்மாவுக்கும் தம்பி, உங்கப்பாவுக்கும் தம்பி. அப்போ அவங்க ரெண்டு பேரும் என்ன, அண்ணன் தங்கச்சியா?"

தம்பி அவசரமாக அழித்து, மீசைக்காரரை இரண்டு ஆளாகப் பிரித்தான்.

"ஒரு தலைக்கு ரெண்டு ஆளா?" என்றாள் மனைவி.

"இரட்டைப் பிறவி."

"இரட்டையர்னா ரெண்டு பேரும் அண்ணன் தம்பிதானே?"

பழைய வம்பே திரும்பி வந்தது.

"ஒருத்தரைத் தத்து குடுத்துட்டாங்கன்னு போடுடா!" என்றாள் அக்கா. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவதில் அக்காவுக்குத் தம்பி இளைத்தவனில்லை. 'தத்து' என்று புதுக் கட்டம் பிறந்தது.

அடுத்த படத்தில் ரிப்பன் கட்டிய சிறுமி ஒருத்தி சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா!" இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

இதில் மட்டும் சண்டையே இல்லை. தம்பி உடனே அதைச் சுவரில் ஒட்டி, 'அம்மா' என்று எழுதிக் கோடு போட்டான். அம்மாவை இத்தனை சின்னவளாகப் பார்க்கக் கிடைத்ததே என்று அவனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அக்கா வாய்விட்டே அழுதாள்.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. ஸ்டூடியோக்காரர் மூச்சிரைக்க, கையில் ஒரு பெட்டியோடு நின்றார். சுவரை மேலும் கீழும் பார்த்தார்.

"நேத்து அவசரத்துல எங்க வீட்டுப் பெட்டியை மாத்திக் குடுத்துட்டேன், சார்... நீங்க கோடு போட்டு வச்சிருக்கற அந்த ரிப்பன் கட்டின அம்மா எங்கம்மா, கீழ வண்டியில உக்காந்திருக்காங்க."