மச்சான் பொத்தி வைத்திருந்த பெயர்

அன்பு மச்சானுக்கு,

உனக்குப் பிறக்கப்போகும் பிள்ளைக்கென்று நீ பொத்தி வைத்திருந்த ‘தீமா’ என்ற பெயரை, போன வாரம் என் மகளுக்குப் பதிந்துவிட்டேன். மற்றபடி இங்கே எல்லோரும் நலம். உன் மருமகளின் தொண்டை ரொம்பவே நலம்.

கோபப்படாதே. என் குடைக்கடையில் உட்கார்ந்து, “இடி இல்ல, மின்னல் இல்ல மச்சான், விடாம சன்னமா பெய்யுற மழைக்கு அரபியில தீமான்னு பேரு, ஊர்ல ஒருத்தருக்கும் கிடையாது” என்று சொன்னது நீதானே? குடை விற்கிறவனிடம் வந்து விடாத மழையைப் பற்றிப் பேசினால் அவன் சும்மா இருப்பானா? இடி இடித்தால் சனம் வீட்டுக்குள் ஓடிவிடும். சன்ன மழைக்குத்தான் குடை பிடித்து வெளியே வரும். அர்த்தமும் அழகு, தொழிலுக்கும் பொருத்தம், ஊரில் இன்னொன்று கிடையாது. இப்படி ஒரு சரக்கைப் பார்த்துவிட்டு நாளைக்கு வாங்கலாம் என்று நான் என்றைக்குப் போயிருக்கிறேன்? நீ அரபு வாத்தியார், அகராதியே உன் வீட்டில் கிடக்கிறது, இன்னொன்று தேடிக்கொள்வாய் என்று நினைத்தேன்; பதிவு அலுவலகத்தில் அர்த்தத்தை விளக்கிக்கொண்டிருக்கும்போதே பிள்ளை வீறிட்டதில் குமாஸ்தா முத்திரையைத் தன் சட்டையில் குத்திக்கொண்டு, “இடி இல்லன்னீங்களேண்ணே?” என்றார், அதோடு விட்டதா, அதே பெயரை முந்நூறு குடையில் அச்சடித்துக் கடை வாசலில் விரித்து வைத்ததை உன் அக்கா பார்த்துவிட்டாள். “என் தம்பிகிட்ட பிடுங்கின பேரு, அதையும் குடையில அடிச்சிட்டீங்க. மழை விட்டா எம்புள்ளையையும் மூலையில சாத்திடுவீங்களா?” என்றவள் ஆறு நாளாக என்னோடு பேசவில்லை. சோறு போடுகிறாள், முகம் கொடுப்பதில்லை.

ஆனாலும் பெயரைத் திருப்பித் தருவதாக இல்லை. எடுத்த சரக்கு எடுத்ததுதான். உன் வீட்டில் பிரசவம் சுகமாக நடக்கட்டும்; தாயும் பிள்ளையும் நூறு வருஷம் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா புருஷன்

பி.கு.: மேலே உள்ளதை அடித்துவிட்டுப் படி. இந்த மை காய்வதற்குள் உன் அக்கா அலுவலகத்துக்குப் போய், பிள்ளைக்கு உன் அம்மா பெயரை வைக்க மனுக் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறாள். ஆறு நாளுக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சே பேரம்தான், நானும் ஒத்துக்கொண்டேன். தீமா உன் பிள்ளைக்கு. குடையில் போட்டுக்கொள்ளும் உரிமை எனக்கு. அதற்கு வாடகை, பிள்ளைக்குப் பதினெட்டு வயதாகும்வரை வருஷத்துக்கு ஒரு குடை; தொலைத்தால் மறு குடை, கேள்வி கிடையாது. பையன் பிறந்தால் பெயர் திரும்பக் கடைக்கே.