லோரி அங்கிள் வீட்டில் விழுந்த ராக்கெட்

பிள்ளைகளுக்கு நல்ல பழக்கம் கற்றுக்கொடுப்பவர்களுக்கு என்னால் ஒரே ஒரு எச்சரிக்கைதான் தர முடியும். கற்றுக்கொடுப்பது நம் கையில் இருக்கிறது. அதை எந்த இடத்தில் செய்து காட்டுவார்கள் என்பது நம் கையில் இல்லை. இதை நான் மலேசியாவின் கிள்ளானில், ஒரு சாவு வீட்டு வாசலில், மாணவர்கள் புடைசூழ நின்று தெரிந்துகொண்டேன்.

அப்போது கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து சனிக்கிழமைதோறும் ரயிலேறிப் போய், கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளியின் பாடாங்கில் அறிவியல் வகுப்பு நடத்திவந்தேன். (திடல் என்றுதான் எழுத வேண்டும். அப்படிச் சொன்னால் என் மாணவர்கள் எந்தத் திடல் என்று கேட்பார்கள்.) படிவம் ஒன்றும் இரண்டும் படிக்கும், பதின்மூன்று பதினான்கு வயதுப் பிள்ளைகள். புத்தகம் திறப்பதில்லை, எல்லாவற்றையும் கையால் செய்து பார்ப்பதுதான் பாடம்.

அவர்களுக்கு மிகவும் பிடித்தது நீர் ராக்கெட். காலி சோடா போத்தலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், அட்டையில் வெட்டிய இறக்கைகள், மூக்கில் ஒரு உருண்டை களிமண், பிறகு சைக்கிள் பம்பு. காற்றை அடைத்துப் பூட்டை விடுவித்தால் தண்ணீர் கீழே பீறிட, போத்தல் மேலே பாயும். தர்ஷினி என்றொரு பெண், பள்ளியில் அறிவியல் சோதனை என்றாலே வயிற்றுவலி வந்துவிடும் பெண், இங்கே தண்ணீரைக் கண்ணாலேயே அளந்தாள். "சார், இன்னும் ஊத்தினா வெயிட்டு லா, ஏறாது" என்பாள். நான் கேட்காமல் ஊற்றுவேன். ஏறாது.

ஏறிய ராக்கெட்டுகள் பெரும்பாலும் பின்வேலிக்கு அந்தப்பக்கம் இருந்த வீட்டில் விழுந்தன. அது லோரி அங்கிள் வீடு. துறைமுகத்தில் லோரி ஓட்டி ஓய்வுபெற்றவர். பிள்ளைகள் வைத்த பெயர் அது. விழுந்ததை அவர் திருப்பித் தந்ததே இல்லை. வேலிக்கு அப்பாலிருந்து குரல் மட்டும் வரும்: "ஏய் வாத்தி! மேல விட்டா மேலயே வச்சுக்க வேண்டியதுதானே! எதுக்குய்யா எங்க வீட்டுல எறக்கற?"

(மேலே போவது ஏன் கீழே வருகிறது என்று வேலியோரம் நின்று விளக்கிப் பார்த்தேன். அதற்கும் திட்டினார்.)

அவர் பள்ளியில் புகார் செய்துகொண்டே இருந்தார். கடைசியில் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "இன்னும் ஒரு புகார் வந்துச்சுன்னா பாடாங் கிடையாது சார். அப்புறம் என்னைக் கோவிச்சுக்காதீங்க." பாடாங் இல்லையென்றால் வகுப்பு இல்லை. வேறு யாரும் எங்களுக்கு இடம் தரத் தயாராக இல்லை. தர்ஷினியின் முகம்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது.

மாவட்ட நீர் ராக்கெட் போட்டிக்கு முந்தைய சனிக்கிழமை அது. வேலிக்கு மேலே ஒரு கூடாரத்தின் உச்சி தெரிந்தது. அந்த வீட்டின் வாசல் அடுத்த தெருவில் இருந்ததால் எங்களுக்கு வேறொன்றும் தெரியவில்லை.

"சார், இன்னிக்கு அங்கிள் சத்தமே காணோம்" என்றாள் தர்ஷினி.

"வீட்டுல ஏதோ நிச்சயதார்த்தம் போல. சந்தோஷமா இருப்பாரு, விடு" என்றேன். என் வாயில் சர்க்கரையைத்தான் போட வேண்டும்.

அன்று விட்ட ராக்கெட்டைப் போல நான் அதுவரை பார்த்ததில்லை. மஞ்சள் வண்ணம் பூசி, 'வெற்றி நமதே' என்று எழுதியிருந்தார்கள். அது நேராக ஏறி, காற்றில் ஒரு கணம் யோசித்து, வேலியைத் தாண்டி, கூடாரத்தின் மேல் தொம்மென்று விழுந்து சறுக்கிக்கொண்டு போனது. யாரும் கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

தர்ஷினி வேலியில் ஏறி, திறந்திருந்த பின்கதவு வழியாக எட்டிப் பார்த்தாள். இறங்கும்போது முகம் வெளுத்திருந்தது. "சார்... அங்கிள் போட்டோவுக்கு மாலை போட்டிருக்காங்க."

விவரம் தெரிந்தவன் என்றால் தனியாகப் போய் மன்னிப்புக் கேட்டிருப்பான். எனக்கோ மூளை அதிகம். அத்தனை பிள்ளைகளையும் வரிசையாக அழைத்துப்போனால், அவர்களுடைய ஒழுக்கத்தைப் பார்த்து அந்த வீட்டார் மனமிரங்குவார்கள், புகார் வராது என்று கணக்குப் போட்டேன். எங்கள் ஒழுக்கம் ஊரறிந்தது. எங்கே நுழைந்தாலும் ஒரே குரலில் வணக்கம். கிளம்பும்போது நான் வலது கையைத் தூக்கினால் போதும், ஒரே குரலில் நன்றி. நீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போனபோது அங்கிருந்த அதிகாரிக்குக் கண் கலங்கிவிட்டது.

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தொடங்கிவிட்டார்கள்.

"காலை வணக்கம் அம்மா!"

கூடாரத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் 'வெற்றி நமதே' சாய்ந்து உட்கார்ந்திருந்தது. பக்கத்து நாற்காலிக்காரர் சட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அங்கிளின் மனைவி பாக்கியம் ஆன்டி அழுது வீங்கிய கண்களோடு எங்களைப் பார்த்தார். "மன்னிச்சிடுங்க ஆன்டி, தெரியாம நடந்துபோச்சு" என்றேன். உள்ளே போய் அங்கிளைக் கும்பிட்டேன். வேலி நடுவில் இல்லாமல் அவரைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. நினைத்ததைவிடச் சின்ன உருவம். ஒரு வார்த்தை திட்டினால் தேவலை என்றிருந்தது. எனக்கு உண்மையிலேயே அழுகை வந்தது. பிள்ளைகள் நின்ற வாசலுக்கு வந்து, கண்ணைத் துடைக்க வலது கையைத் தூக்கினேன்.

"நன்றி அம்மா! போய் வருகிறோம்!"

சாவு வீட்டில் யாரும் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. வருகிறேன் என்றால் இன்னொரு சாவுக்கு வருவதாக அர்த்தம். இது எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். நான் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

அங்கிளின் அக்கா நெஞ்சில் கைவைத்தார். "அடப்பாவிங்களா! அடுத்தது யாருக்குடா வரப்போறீங்க?"

கூடாரத்திலேயே வயதில் மூத்த பெரியவர் ஒருவர், எல்லாரும் தன்னைப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு எழுந்துபோய் வேறு நாற்காலியில் உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு நான் ராக்கெட் விடவில்லை. போட்டிக்கும் போகவில்லை. வகுப்பறைக்குள்ளேயே காந்தமும் வடிதாளும் வைத்து ஒப்பேற்றினேன். தர்ஷினி என்னோடு பேசவில்லை. சில வாரங்களில் வருவதையும் நிறுத்திவிட்டாள். அவளை இழந்ததுதான் எனக்குப் பெரிய அடி.

பிறகொரு நாள் தலைமையாசிரியை அழைத்தார். "புகார் வந்திருக்கு சார். பின்வீட்டு அம்மா."

என் சாமான்களைப் பெட்டியில் போட ஆரம்பித்தேன்.

"முழுசாக் கேளுங்க சார். ஏன் ராக்கெட் விடறதில்லைன்னு கேக்கறாங்க."

அன்றே போனேன். தனியாகத்தான். பாக்கியம் ஆன்டி பின்கட்டைக் காட்டினார். வேலியோரம் ஒரு நாற்காலி அப்படியே கிடந்தது.

"சனிக்கிழமைன்னா விடியறப்பவே இதைப் போட்டு உக்காந்துடுவாரு, உங்களைத் திட்டறதுக்கு. மத்த நாள்ல எங்கிட்டகூடப் பேச மாட்டாரு. இப்ப வீட்டுல ஒரு சத்தம் இல்ல சார்." நாற்காலியிலிருந்த சருகைத் தட்டிவிட்டார். "அத்தனை பிள்ளைங்களும் வரோம்னு சொல்லிட்டுத்தானே போனீங்க? ஒருத்தரும் வரலியே."

அங்கிருந்து நேராகத் தர்ஷினி வீட்டுக்குத்தான் போனேன்.

அடுத்த சனிக்கிழமை அவளே தண்ணீர் ஊற்றினாள். நான் வாயைத் திறக்கவில்லை. ராக்கெட் குறி தவறாமல் ஆன்டி வீட்டில் விழுந்தது. ஆன்டியும் திருப்பித் தருவதில்லை. உள்ளே வந்து மைலோ குடித்துவிட்டுத்தான் எடுத்துப்போக வேண்டும். கிளம்பும்போது பிள்ளைகள் போடும் கூச்சல் அடுத்த தெரு வரை கேட்கும். "வாங்கடா" என்பார் ஆன்டி.

இந்தக் கதையை என் மனைவி எல்லாரிடமும் சொல்லிவிட்டாள். எங்கள் வீட்டில் யார் கையைத் தூக்கினாலும் மற்றவர்கள் உடனே "நன்றி அம்மா!" என்கிறார்கள். துக்க வீடுகளுக்குப் போனால் அவள் என் வலது கையை இறுகப் பிடித்துக்கொள்வாள். பார்ப்பவர்கள் எனக்கு ஆறுதல் சொல்கிறாள் என்று நினைப்பார்கள். நான் கையைத் தூக்கிவிடக்கூடாது என்பதற்காகத்தான் பிடித்திருக்கிறாள்.